எண்ணெய் பார்த்த மூன்று வேலை

கச்சா எண்ணெய் தீர்ந்துபோனால் உலகம் இருண்டுவிடுமா? இந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள் குறைவு. பதில் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருக்கலாம்: விளக்குகள் ஏறக்குறைய இப்போது போலவேதான் எரியும். உலகம் தயாரிக்கும் மின்சாரத்தில் எண்ணெயை எரித்துக் கிடைப்பது நூற்றில் மூன்று பங்குகூட இல்லை. நிலக்கரி, இயற்கை எரிவாயு, அணைகள், அணு உலைகள், காற்றாலைகள், சோலார் பேனல்கள் ஆகியவைதான் மின்சாரத்தின் பெரும்பகுதியைத் தருகின்றன.

நின்றுபோவது வேறு. கார், லாரி, டிராக்டர், கப்பல், விமானம் எல்லாம் நிற்கும். தார்ச் சாலை போட முடியாது. பிளாஸ்டிக், செயற்கை நூலிழை, மசகு எண்ணெய் என்று ஒரு நீண்ட வரிசையும் திணறும். உலகம் நாள் ஒன்றுக்குச் சுமார் 10 கோடி பீப்பாய் எண்ணெயைச் செலவழிக்கிறது. ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். அதில் பாதிக்கும் மேல் போக்குவரத்துக்கே போகிறது. ஆகவே "எண்ணெய்க்குப் பிறகு மின்சாரம் எங்கிருந்து வரும்?" என்று கேட்பதைவிட "எண்ணெய்க்குப் பிறகு வண்டி எப்படி ஓடும்?" என்று கேட்பதுதான் பொருத்தம்.

அதற்கு முன், "தீர்ந்துபோவது" என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். பெரும்பாலானோர் மனதில் இருக்கும் படமே தவறானது.

பூமிக்கடியில் எண்ணெய் ஏரி எதுவும் கிடையாது. செங்கல்லில் தண்ணீர் ஊறியிருப்பதைப் போலப் பாறையின் நுண்துளைகளுக்குள் எண்ணெய் ஊறிக் கிடக்கிறது. டைனோசர்கள் மக்கி எண்ணெயானதாகச் சொல்வதும் கதைதான். பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் மிதந்த நுண்ணுயிர்களும் பாசிகளும் செத்து, சேற்றோடு அடியில் படிந்து, மேலே மண் அடுக்கு ஏற ஏறச் சூட்டிலும் அழுத்தத்திலும் மெல்ல மாறியதுதான் எண்ணெய். கிணறு தோண்டினால் முதலில் நிலத்தின் அழுத்தமே அதை மேலே தள்ளும். பிறகு தண்ணீரையோ வாயுவையோ உள்ளே செலுத்தித் தள்ள வேண்டும். இவ்வளவு செய்தும் பாறையில் இருப்பதில் சராசரியாக மூன்றில் ஒரு பங்குதான் வெளியே வருகிறது. மீதி அங்கேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

அதனால் கடைசிச் சொட்டு எண்ணெய் என்று ஒன்று வரப்போவதே இல்லை. "இன்னும் இத்தனை ஆண்டுக்குத்தான் எண்ணெய்" என்ற செய்திகளையும் இந்த நினைவோடுதான் படிக்க வேண்டும். 1980 வாக்கில், அறியப்பட்ட இருப்பை அன்றைய ஆண்டுச் செலவால் வகுத்தால் சுமார் 30 ஆண்டு வந்தது. அந்த 30 ஆண்டும் ஓடி முடிந்து, அதற்கு மேலும் பல ஆண்டுகள் கடந்தாயிற்று. இன்று அதே கணக்கைப் போட்டால் சுமார் 50 வருகிறது! யாரும் பொய் சொல்லவில்லை. "நிரூபிக்கப்பட்ட இருப்பு" என்றால் இன்றைய விலையில், இன்றைய தொழில்நுட்பத்தில் எடுக்கக் கட்டுப்படியாகும் எண்ணெய் என்றுதான் பொருள். விலை ஏறினால் நேற்றுவரை கட்டுப்படியாகாத பாறையும் கணக்கில் சேர்ந்துகொள்ளும்.

மரியன் கிங் ஹபர்ட் என்ற அமெரிக்கப் புவியியலாளரின் கதை இதற்கு நல்ல உதாரணம். அமெரிக்காவின் எண்ணெய் உற்பத்தி 1965-க்கும் 1970-க்கும் இடையே உச்சத்தைத் தொட்டுப் பிறகு இறங்கும் என்று அவர் 1956-இல் சொன்னார். எண்ணெய் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே இதைச் சொன்னார் என்பது கூடுதல் சுவை. 1970-இல் உச்சம் வந்தது, உற்பத்தி இறங்கவும் செய்தது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அவர் தீர்க்கதரிசியாகவே இருந்தார். பிறகு களிப்பாறையை நீரழுத்தத்தால் உடைத்து எண்ணெய் எடுக்கும் முறை பரவியது. 2018-இல் அமெரிக்கா தன் பழைய உச்சத்தையே தாண்டியது. ஹபர்ட்டின் கணிதத்தில் பிழையில்லை. பாறையை உடைக்க ஒரு வழி பிறக்கும் என்பது அவருடைய கணக்கில் இல்லை.

அப்படியானால் கவலையே வேண்டாமா? வேண்டும். கவலைப்பட வேண்டிய இடம்தான் வேறு. "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்பார்களே, அதுதான் இங்கே உண்மையான எல்லை. 1859-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து டைட்டஸ்வில்லில் எட்வின் டிரேக் தோண்டிய எண்ணெய்க் கிணறு சுமார் 21 மீட்டர் ஆழம். இன்று கடல் மட்டத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் தண்ணீரைக் கடந்து, அதற்கும் கீழே பல கிலோமீட்டர் பாறையைத் துளைத்து எண்ணெய் எடுக்கிறார்கள். கனடாவின் எண்ணெய் மணலில் இருக்கும் தார் போன்ற பொருளை நீராவியால் சூடாக்கி இளக்கினால்தான் அசைகிறது. இதற்கெல்லாம் ஆற்றல் செலவாகிறது. எடுக்கும் எண்ணெயில் உள்ள ஆற்றலிலிருந்து எடுப்பதற்குச் செலவான ஆற்றலைக் கழித்தால் மிஞ்சுவது நிகர ஆற்றல். ஒரு பீப்பாய் எடுக்க ஒரு பீப்பாய் அளவு ஆற்றல் செலவாகும் நாளில், பாறைக்குள் எவ்வளவு எண்ணெய் இருந்தாலும் எரிபொருள் என்ற வகையில் அது இல்லாததற்குச் சமம்.

இதில் இன்னொரு திருப்பமும் உண்டு. இருப்பு குறைவதற்கு முன்பே தேவை குறைந்துவிடலாம். பெருந்தொற்றின்போது, 2020 ஏப்ரல் 20 அன்று, அமெரிக்கக் கச்சா எண்ணெயின் ஒப்பந்த விலை பூஜ்யத்துக்கும் கீழே, பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலருக்கு இறங்கியது. கொட்டி வைக்க இடமில்லாமல், எடுத்துக்கொண்டு போகிறவருக்குக் காசும் கொடுக்க வேண்டிய நிலை. ஒரு நாள் கூத்துதான், ஆனாலும் எண்ணெயின் மதிப்பு தேவையைப் பொறுத்ததே என்று அன்று நன்றாகவே தெரிந்தது.

ஒரு லிட்டருக்குள் என்ன இருக்கிறது?

எண்ணெயை மாற்றுவது ஏன் இவ்வளவு கடினம் என்று புரிய ஒரு லிட்டர் பெட்ரோலை எடுத்துக்கொள்வோம். அதில் சுமார் 9 யூனிட் ஆற்றல் இருக்கிறது. மின் கட்டண ரசீதில் வரும் அதே யூனிட்தான். ஒரு ஆள் நாள் முழுக்க மண்வெட்டி பிடித்து உழைத்தால் அவர் உடல் செய்து தரும் வேலை 0.6 யூனிட் அளவில் இருக்கும். இன்ஜினில் முக்கால் பங்கு வெப்பமாக வீணாகப் போனாலும், ஒரு லிட்டர் பெட்ரோல் அவருடைய மூன்று நான்கு நாள் உழைப்பைக் கொடுத்துவிடுகிறது. அந்த லிட்டரை ஒரு தகரக் குவளையில் ஊற்றிக் கையில் எடுத்துப் போகலாம். மூடி வைத்தால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். வண்டியில் நிரப்ப இரண்டு நிமிடம்கூட ஆகாது.

கவனித்துப் பார்த்தால், எண்ணெய் மூன்று வேலையைச் சேர்த்தே பார்த்து வந்திருக்கிறது. அதுவே ஆற்றலின் ஊற்று. அதுவே சேமிப்புக் கலம். அதுவே சுமந்து செல்லும் வாகனமும். என்றோ பெய்த வெயிலை இயற்கை பிடித்து, அடைத்து, திரவமாக்கி, எடுத்துப்போக வசதியாக வைத்துவிட்டது. எண்ணெய்க்குப் பிந்தைய காலம் என்பது இந்த மூன்று வேலைகளும் பிரிந்து மூன்று வெவ்வேறு ஆட்களிடம் போகும் காலம். அதில் முதல் வேலை எளிதாகிவிட்டது, இரண்டாவது பாதி முடிந்திருக்கிறது, மூன்றாவதுதான் இழுபறி.

ஊற்று

பூமியின் மேல் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் விழும் சூரிய ஆற்றல், மனித குலம் ஓராண்டில் செலவழிக்கும் மொத்த ஆற்றலுக்கு ஈடு. ஆகவே பற்றாக்குறை என்ற பேச்சுக்கே இடமில்லை, பிடிப்பதுதான் வேலை. 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் காட்டப்பட்ட சிலிக்கான் சூரியக் கலம், தன் மேல் விழுந்த ஒளியில் சுமார் 6 சதவீதத்தை மின்சாரமாக்கியது. இன்று கூரைகளில் ஏறும் சாதாரண பேனலே 20 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. உள்ளே நடப்பது எளிமையானது: ஒளித் துகள் சிலிக்கானில் மோதி ஓர் எலெக்ட்ரானைக் கிளப்பிவிடுகிறது, அந்த எலெக்ட்ரான் ஒரே திசையில் போகும்படி படிகம் அமைக்கப்பட்டிருக்கிறது. அசையும் உறுப்பு ஒன்றுமில்லை, எரிப்பதும் இல்லை.

என்னைக் கேட்டால், இதில் மிக முக்கியமான விஷயம் சதவீதம் அல்ல, விலையின் போக்கு. எண்ணெயை எடுக்க எடுக்க அடுத்த பீப்பாய்க்கு இன்னும் ஆழமாகப் போக வேண்டும், செலவு ஏறும். பேனலைச் செய்யச் செய்ய அடுத்த பேனலைச் செய்வது எளிதாகிறது, செலவு இறங்கும். உலகில் செய்த பேனல்களின் மொத்த அளவு இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் விலை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்து வந்திருக்கிறது. 2010-க்குப் பிந்தைய பத்தாண்டில் மட்டும் அது சுமார் பத்தில் ஒன்றாகச் சரிந்தது. ஒன்று தோண்டும் தொழில், மற்றொன்று தயாரிக்கும் தொழில். இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் பாதி விளங்கிவிடும்.

காற்றிலும் இதே கதை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதில் உள்ள திறன் எட்டு மடங்காகிறது. உயரத்துக்கும் கடலுக்கும் காற்றாலைகள் ஏன் போகின்றன என்பதற்கு இதுவே காரணம். 1991-இல் டென்மார்க்கின் விண்டெபி அருகே, உலகின் முதல் கடல் காற்றாலைப் பண்ணையில் 11 ஆலைகள் நின்றன; எல்லாம் சேர்ந்து சுமார் 5 மெகாவாட். இன்று கடலில் நிறுத்தும் பெரிய காற்றாலை ஒன்றே அதைப் போல மூன்று மடங்கு.

அணு உலையைப் பற்றி இரு தரப்பும் உரக்கப் பேசும் என்பதால் அளவை மட்டும் சொல்கிறேன். ஒரு கிலோ யுரேனியம்-235 முழுதாகப் பிளந்தால் சுமார் 2.4 கோடி யூனிட் வெப்பம். நிலக்கரியில் அதே அளவுக்கு ஏறக்குறைய 3,000 டன் வேண்டும். வெயில், காற்று பார்க்காமல் ஓடும். பிரான்ஸ் தன் மின்சாரத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கை இப்படித்தான் எடுக்கிறது. குறை எங்கே என்றால், கட்டி முடிக்கப் பல ஆண்டுகள் ஆகிறது, செலவு ஏறிக்கொண்டே போகிறது, கழிவைத் தலைமுறை தலைமுறையாகக் காக்க வேண்டும், 1986-இன் செர்னோபிலும் 2011-இன் புகுஷிமாவும் யார் நினைவை விட்டும் அகலவில்லை. இருக்கிற உலைகளை அவசரப்பட்டு மூடுவது புத்திசாலித்தனமாகப் படவில்லை. புதியவை வந்து காப்பாற்றும் என்று காத்திருப்பதும் அப்படியே.

சூரியனுக்குள் நடப்பதைப் போல அணுக்கருக்களை இணைக்கும் முறை? 2022 டிசம்பரில் கலிபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் 2.05 மெகாஜூல் லேசர் ஒளியைச் செலுத்தி 3.15 மெகாஜூல் ஆற்றலைப் பெற்றார்கள். பெரிய சாதனை. ஆனால் அந்த லேசர்களை இயக்கவே மின் தொகுப்பிலிருந்து சுமார் 300 மெகாஜூல் இழுக்க வேண்டியிருந்தது. எண்ணெய்ப் பிரச்சினைக்கு இதைத் தீர்வாக நம்பித் திட்டம் போட முடியாது.

சேமிப்பு

வெயில் சாயும்போது பேனல் ஓயும். மக்கள் விளக்கைப் போடுவதும் அப்போதுதான். மின் தொகுப்பில் ஒவ்வொரு கணமும் தயாரிப்பும் செலவும் சமமாக இருக்க வேண்டும். எண்ணெய் தொட்டியில் காத்திருக்கும், மின்சாரம் கம்பியில் காத்திருக்காது.

இதற்குப் பழைய தீர்வு ஒன்று உண்டு. மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேட்டு நீர்த்தேக்கத்துக்கு ஏற்றி, தேவைப்படும்போது கீழே விட்டு டர்பைனைச் சுழற்றுவது. ஏற்றச் செலவான மின்சாரத்தில் முக்கால் பங்கு அளவு திரும்பக் கிடைக்கும். வேல்ஸில் பழைய பலகைக்கல் குவாரி இருந்த மலையைக் குடைந்து 1984-இல் திறந்த டினோர்விக் நிலையம், சில விநாடிகளில் முழு வேகத்துக்கு வந்துவிடும். மலையும் நீரும் அமைந்த இடத்தில் இதை மிஞ்ச ஒன்றுமில்லை. அமையாத இடத்தில் பேட்டரிதான்.

லித்தியம் அயான் பேட்டரி 1991-இல் சந்தைக்கு வந்தபோது வீடியோ கேமராவுக்குத்தான் பயன்பட்டது. அதை உருவாக்கிய மூவருக்கு 2019-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. பேனலைப் போலவே இதன் விலையும் 2010-க்குப் பிறகு பத்தில் ஒன்று அளவுக்கு வந்துவிட்டதால், பகலில் வாங்கி இரவில் கொடுப்பது இப்போது கட்டுப்படியாகிறது. ஆனால் கோடையில் சேர்த்துக் குளிர்காலத்தில் செலவழிப்பது கட்டுப்படியாகாது. ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் வேலை செய்யும் பேட்டரியில் யார் முதல் போடுவார்கள்? மாதக்கணக்கான சேமிப்புக்கு இன்னும் நல்ல விடை வரவில்லை. நீண்ட இருள்காலம் உள்ள வடநாடுகளுக்கு இது பெரிய தலைவலி.

சுமப்பது

ஒரு கிலோ பெட்ரோலில் சுமார் 12 யூனிட். ஒரு கிலோ பேட்டரியில் கால் யூனிட்கூட இல்லை. இதை மட்டும் பார்த்தால் மின்சார வண்டி ஓடவே கூடாது. ஓடுவதற்குக் காரணம் மோட்டார். பெட்ரோல் இன்ஜின் நூறு பங்கில் இருபது முப்பதைத்தான் சக்கரத்துக்குத் தருகிறது, மீதி சூடாகப் போகிறது. மின்மோட்டார் எண்பதுக்கு மேல் தருகிறது. ஆகவே எண்ணெயில் உள்ள அத்தனை ஆற்றலையும் நாம் ஈடுகட்டத் தேவையில்லை. வீணாய்ப் போன வெப்பத்தை யாரும் திரும்பத் தர வேண்டியதில்லை. "எண்ணெய் தரும் ஆற்றலுக்கு ஈடாக இத்தனை லட்சம் காற்றாலை வேண்டும்" என்று பயமுறுத்தும் கணக்குகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன.

எனவே காரும் பேருந்தும் கிட்டத்தட்ட முடிவான விஷயம். 2024-இல் நார்வேயில் விற்ற புதிய கார்களில் பத்துக்கு ஒன்பது அளவு மின்சாரக் கார்கள். எண்ணெய் விற்றுச் செல்வம் சேர்த்த நாடு அது என்பதுதான் வேடிக்கை.

விமானம் இந்த வழிக்கு வராது. கண்டம் தாண்டும் விமானம் கிளம்பும்போது அதன் எடையில் ஐந்தில் இரண்டு பங்கு வரை எரிபொருளே. பறக்கப் பறக்க அது எரிந்து விமானம் இலேசாகும். பேட்டரி தீர்ந்தாலும் எடை குறையாது. முதலில் அவ்வளவு பேட்டரியோடு எழும்பவே முடியாது. பெருங்கடல் தாண்டும் சரக்குக் கப்பலுக்கும் இதே சிக்கல்.

இங்கேதான் ஹைட்ரஜன் பேச்சு வருகிறது. ஹைட்ரஜனை எண்ணெய்க்கு மாற்றான ஊற்று என்று எழுதுவோர் உண்டு, அது தவறு. தோண்டி எடுத்து எரிக்கும் அளவுக்கு அது எங்கும் குவிந்து கிடக்கவில்லை. தண்ணீரை மின்சாரத்தால் பிளந்து எடுக்க வேண்டும், அழுத்தி அடைக்க வேண்டும் அல்லது மைனஸ் 253 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டும், பிறகு மறுபடி மின்சாரமாக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஆற்றல் இழப்பு. நூறு யூனிட் மின்சாரத்தைப் பேட்டரி வழியாகக் காருக்குக் கொடுத்தால் எழுபதுக்கு மேல் சக்கரத்தைச் சேரும். ஹைட்ரஜன் வழியாகப் போனால் முப்பது சேர்ந்தால் பெரிது. அதனால் காருக்கு ஹைட்ரஜன் வீண். உருக்கு ஆலைக்கும் உர ஆலைக்கும் அது வேண்டும். கப்பலுக்கும் விமானத்துக்கும், ஹைட்ரஜனோடு கரியமில வாயுவைச் சேர்த்துச் செயற்கைத் திரவ எரிபொருளாக்கிக் கொடுக்கலாம். விலை பல மடங்கு இருக்கும். மலிவான விமானப் பயணம் எண்ணெயோடு சேர்ந்தே போய்விடும் என்றுதான் நினைக்கிறேன்.

திரவ எரிபொருளைச் செயற்கையாகச் செய்வது புதிதல்ல. ஜெர்மனியில் ஃபிஷர், டிராப்ஷ் என்ற இரு வேதியியலாளர்கள் 1920-களிலேயே நிலக்கரி வாயுவிலிருந்து அதைச் செய்துகாட்டினார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி தன் எரிபொருளில் பெரும்பகுதியை நிலக்கரியிலிருந்தே எடுத்தது. தென்னாப்பிரிக்கா இன்றும் எடுக்கிறது. எண்ணெய் குறைந்தால் பூமி பிழைக்கும் என்று நம்புவோர் இதை மறக்கக் கூடாது. எண்ணெய் விலை ஏறினால் நாடுகள் சூரியனை நோக்கித்தான் திரும்பும் என்று எந்தச் சட்டமும் இல்லை, நிலக்கரியை நோக்கியும் திரும்பலாம். எண்ணெய் யுகம் பிறந்த பிறகு நிலக்கரி ஒழிந்துவிடவில்லை; உலகம் இப்போது ஆண்டுக்கு 850 கோடி டன்னுக்கு மேல் எரிக்கிறது, வரலாற்றிலேயே இதுதான் மிக அதிகம். இதுவரை வந்த ஒவ்வொரு புதிய எரிபொருளும் பழையதன் மேல் ஏறி உட்கார்ந்ததே தவிர, பழையதை வெளியேற்றவில்லை.

நாடுகள் எந்தப் பக்கம் திரும்பும் என்பதற்கு ஓர் ஒத்திகை ஏற்கெனவே நடந்திருக்கிறது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது சில மாதங்களில் விலை ஏறத்தாழ நான்கு மடங்கானது. பிரான்ஸ் அணு உலைகளைக் கட்டத் தொடங்கியது. பிரேசில் 1975-இல் கரும்பிலிருந்து எத்தனால் எடுத்து வண்டிகளுக்கு ஊற்றும் திட்டத்தில் இறங்கியது. எரிபொருளுக்குப் பெரும்பாலும் இறக்குமதி எண்ணெயையே நம்பியிருந்த டென்மார்க், காற்றைப் பிடித்தது. இன்று அதன் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து வருகிறது. அதிர்ச்சி ஒன்றுதான். கையில் இருந்ததைப் பொறுத்து ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு வழியில் போனது.

பொருளாகப் பயன்படும் எண்ணெயைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். எடுக்கும் எண்ணெயில் ஏழில் ஒரு பங்கு அளவே ரசாயன ஆலைகளுக்கு மூலப்பொருளாகப் போகிறது. எரிப்பது நின்றால், இருக்கும் எண்ணெய் பிளாஸ்டிக்குக்கும் மருந்துக்கும் மிக நீண்ட காலம் வரும்.

கடைசியாக ஒரு நியாயமான சந்தேகம். எண்ணெய்க்கு வளைகுடாவை நம்பியிருந்தவர்கள் இனி பேனலுக்கும் பேட்டரிக்கும் சீனாவைத்தானே நம்ப வேண்டும்? உண்மைதான், சோலார் பேனல் செய்யும் ஒவ்வொரு கட்டத்திலும் உலகத் தயாரிப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் சீனாவில் நடக்கிறது. லித்தியம், கோபால்ட் சுத்திகரிப்பிலும் அதன் கைதான் ஓங்கியிருக்கிறது. ஆனால் இரண்டு நம்பியிருத்தலும் ஒன்றல்ல. எண்ணெய்க் கப்பல் வராமல் நின்றால் கையிருப்பு கரைந்த சில மாதங்களில் வண்டிகள் நிற்கும். பேனல் கப்பல் நின்றால் புதிதாகப் பொருத்த முடியாது, அவ்வளவுதான். கூரையில் ஏற்கெனவே ஏறியது இருபத்தைந்து ஆண்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும். பேட்டரி ஓய்ந்தாலும் அதிலுள்ள லித்தியமும் கோபால்ட்டும் எரிந்து புகையாகிவிடுவதில்லை. உருக்கி எடுத்து அடுத்த பேட்டரிக்குள் வைக்கலாம்.